அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் முதல் சாம்பியன் அணியின் ஹாஃப்பேக் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் பற்றிப் பேசலாமா?

மைதானவாசி எழுதியது:

பிரேடி, மகோம்ஸ் என்று இக்கால நட்சத்திரங்களைப் பற்றி இங்கே இழை இழையாக ஓடுகிறது. லீக் தொடங்கிய காலத்து ஆட்டக்காரர்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஜிம் தோர்ப் பெயரையாவது ஒலிம்பிக் புண்ணியத்தில் நாலு பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். நான் ஆரம்பித்து வைப்பது ஃப்ரிட்ஸ் பொல்லார்டை.

முழுப் பெயர் ஃப்ரெடரிக் டக்ளஸ் பொல்லார்ட். 1894 ஜனவரி 27, சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் பிறப்பு. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸின் பெயரைத்தான் பெற்றோர் வைத்தார்கள். அப்பா முடிதிருத்தும் கடை, அம்மா தையல் வேலை. எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பகுதியில் அபூர்வம். சுற்றிலும் ஜெர்மன் பேசுகிற குடியேறிகள். ஃப்ரிட்ஸ் என்ற பட்டப்பெயர் அந்தத் தெருவில் ஒட்டிக்கொண்டது. படிப்பில் கெட்டியான குடும்பம். அக்கா நவோமி 1905-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

ஆள் 5 அடி 9 அங்குலம், 165 பவுண்டு. அதாவது 75 கிலோ. மோதி விழுத்துகிற ஆட்டத்துக்கு இது போதாத உடம்பு. ஆனால் ஓட்டத்தில் திசை மாற்றுவதில் மன்னன்.

அண்ணன்மார் சொல்லிக் கொடுத்த ஒரு வித்தை இவரைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தில் ஓடுபவர் கீழே விழுந்தவுடன் ஆட்டம் நின்றுவிடாது. முழுசாக அமுக்கப்படும் வரை தவழ்ந்து எழுந்து மறுபடி ஓடலாம். அதனால் விழுந்தவன் மேல் நாலைந்து பேர் பாய்வது வழக்கம். கறுப்பினத்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். முழங்காலை வைத்து இடுப்பில் இறங்குவார்கள். பொல்லார்ட் என்ன செய்வாராம் தெரியுமா? விழுந்த வேகத்திலேயே மல்லாக்கப் புரண்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கி, ஆணி வைத்த பூட்ஸைப் பாய்கிறவன் முகத்துக்கு நேராகக் காட்டுவார். பாய நினைத்தவன் ஒரு நொடி தயங்குவான். அதற்குள் இவர் உருண்டு எழுந்துவிடுவார்.

விருப்பம் இருந்தால் தொடர்கிறேன்.

அரைடிக்கெட் எழுதியது:

தொடருங்க அண்ணே. நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு. ஹாஃப்பேக்னா யாரு? டிவில பாக்கும்போது எல்லாரும் ஒரே குவியலா விழுறாங்க, பந்து யார்கிட்ட இருக்குன்னே தெரிய மாட்டேங்குது.

மைதானவாசி எழுதியது:

தம்பி, நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு இடைவெளி பார்த்து ஓடுகிறவர் ஹாஃப்பேக். கபடியில் பாடிப் போனவனை ஏழு பேர் சுற்றி வளைக்கிற மாதிரி, இங்கே பதினொரு பேர்.

1920-ல் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்ற சொகுசு கிடையாது. அதே பதினொரு பேர்தான் ஓடணும், தடுக்கணும், உதைக்கணும். தலையில் தோல் தொப்பி, அதுவும் போட்டால் போடலாம். முகத்துக்குக் கம்பி கிடையாது. பந்து இன்றைக்கு இருப்பதைவிடக் குண்டாக இருக்கும். எறிவது கஷ்டம், ஆகவே ஓட்டம்தான் பிரதானம்.

பழையபேப்பர் எழுதியது:

நல்ல இழை. பொல்லார்டின் கல்லூரிக் காலத்தைத் தாண்டிப் போகக் கூடாது. எனக்குக் கேட்டால் அவர் ஆட்டத்தின் உச்சமே 1916 நவம்பர்தான்.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1915-ல். செலவுக்கு விடுதி அறையிலேயே சக மாணவர்களின் சூட்டுகளை இஸ்திரி போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார். முதல் ஆண்டே அணியில் இடம். 1916 புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவின் பசடீனாவில் வாஷிங்டன் ஸ்டேட் அணியோடு ஆட்டம்; இன்றைக்கு ரோஸ் பௌல் என்கிறோமே அது. 1902-ல் ஒரு முறை நடத்திவிட்டு விட்டுவிட்டார்கள். 1916-ல் தொடங்கியதுதான் இன்றுவரை ஓடுகிறது. அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர் பொல்லார்ட். அணி தங்கப்போன ஹோட்டலில் இவருக்கு மட்டும் அறை இல்லை என்றார்கள். அப்படியானால் எங்கள் யாருக்கும் வேண்டாம் என்று அணியே கிளம்பத் தயாரானதும் சாவி கைக்கு வந்தது. ஆட்டம் என்னவோ சொதப்பல். மழை, முழங்கால் வரை சேறு, கால் வைத்தால் வழுக்குகிறது. திசை மாற்றி ஓடுவதையே நம்பியிருக்கிற ஆளுக்கு அதைவிடக் கேடு எது? பிரவுன் 0-14 என்று தோற்றது.

அடுத்த பருவத்தில் கதையே வேறு. நவம்பரில் யேல் மண்ணிலேயே யேலை 21-6. அடுத்த வாரம் ஹார்வர்டை அவர்கள் மண்ணிலேயே 21-0. அந்தக் காலத்தில் இந்த இரண்டும்தான் ஆட்டத்தின் பெரிய வீடுகள். ஒரே பருவத்தில் இரண்டையும் பிரவுன் அதுவரை வீழ்த்தியதில்லை. இரண்டு ஆட்டத்திலும் டச்டவுன் போட்டவர் பொல்லார்ட். பிரவுன் அந்தப் பருவத்தில் தோற்றது கடைசி ஆட்டத்தில் மட்டும், கோல்கேட்டிடம். அதிலும் சேறுதான்!

வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் அகில அமெரிக்க அணியில், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில், பொல்லார்டுக்கு இடம் கிடைத்தது. பின்களத்தில், அதாவது பந்தை வாங்கி ஓடுகிறவர்கள் வரிசையில், அந்த இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவருக்கு முன்னால் 1892-ல் ஹார்வர்டின் வில்லியம் லூயிஸ் வாங்கியிருக்கிறார், ஆனால் அவர் சென்டர், முன்வரிசையின் நடுவில் நிற்பவர்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொழில்முறை ஆட்டத்தில் இவருடைய எண்கள் எங்கே? எத்தனை கஜம் ஓடினார்? ஒரு ஓட்டத்துக்குச் சராசரி என்ன? பக்கம் பக்கமாகத் தேடினாலும் டச்டவுன் எண்ணிக்கையைத் தவிர எதுவும் கிடைப்பதில்லை. ‘முதல்’, ‘முதல்’ என்று பட்டியல் போடுகிறார்களே தவிர, ஆட்டக்காரராக எவ்வளவு பெரியவர் என்று எவரும் காட்டுவதில்லை. 2005-ல் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்த்தது பிராயச்சித்தமா, தகுதியா? எனக்குச் சந்தேகம் உண்டு.

மைதானவாசி எழுதியது:

கேள்வி நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்கிற ஏடு அந்தக் காலத்தில் எழுதப்படவே இல்லை. லீக் அதிகாரப்பூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியது 1932-ல். அதற்கு முன்னால் ஆடியவர்கள் எவருக்கும் கஜக்கணக்கு கிடையாது. பொல்லார்டுக்கும் இல்லை, தோர்ப்புக்கும் இல்லை, 1920களின் ரெட் கிரேஞ்சுக்கும் இல்லை. அவர்கள் இருவரையும் 1963-ல், மண்டபம் திறந்த முதல் வரிசையிலேயே சேர்த்தார்கள். எண் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

சரி, எண் வேண்டுமென்றால் அணியின் எண் இருக்கிறது. 1920, பொல்லார்ட் ஆடிய சாம்பியன் அணி அக்ரான் ப்ரோஸ். 11 ஆட்டம். 8 வெற்றி, 3 சமன், தோல்வி பூஜ்யம். மொத்தப் பருவத்திலும் எதிரணிகள் எடுத்த புள்ளி வெறும் 7. க்ளீவ்லண்டோடு 7-7 என்று சமனான ஆட்டத்தில் விழுந்த அந்த ஒரு டச்டவுன் மட்டும்தான். தோர்ப் இருந்த கேன்டன் புல்டாக்ஸை இரண்டு முறை தோற்கடித்தார்கள், இரண்டிலும் கேன்டனுக்குப் பூஜ்யம். அதே பதினொரு பேர்தான் தடுப்பும் என்று மேலே சொன்னேனே. அந்த 7-ல் பொல்லார்டுக்கும் பங்கு உண்டு.

ஒஹாயோ ஓரத்தான் எழுதியது:

கேன்டன் நம்ம வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரம்தான். அதனால இந்த ஏரியா கதையை நான் சொல்றேன்.

1920 செப்டம்பர் 17. கேன்டன்ல ரால்ஃப் ஹேன்னு ஒருத்தர், புல்டாக்ஸ் முதலாளி, ஹப்மொபைல் கார் ஷோரூம் வெச்சிருந்தார். அங்கதான் லீக்கே பொறந்துச்சு. வந்த அத்தனை பேருக்கும் நாற்காலி பத்தல. விக்கிறதுக்கு நிறுத்தியிருந்த கார்களோட படிக்கட்டுப் பலகையில உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டே பேசி முடிச்சாங்க. அப்போ பேரு என்.எஃப்.எல். இல்ல, அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் ஃபுட்பால் அசோசியேஷன். தோர்ப்பைத் தலைவராப் போட்டாங்க, பேரு பேப்பர்ல வரணும்ல! 1922-லதான் இப்ப இருக்கிற பேரு.

அக்ரான் ரப்பர் ஊரு. குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்கதான். வேலைக்குன்னு தெற்கு மாநிலத்திலேர்ந்து வந்த வெள்ளைக்காரங்க ஏராளம். 1920கள்ல கு க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கூட்டம் அங்க செம பலம். இந்த ஊருக்குத்தான் பொல்லார்ட் 1919-ல ஆட வந்தாரு. மத்த ஆட்டக்காரங்களோட சேர்ந்து உடை மாத்த முடியாது. அணி முதலாளி ஃப்ராங்க் நீட் சுருட்டு வியாபாரி. அவரோட கடையில தனியா உடுப்பு மாத்திப்பாரு. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்குக் கார் வந்து ஏத்திட்டு மைதானத்துல விடும். தன் ஊர்ல, தன் ரசிகர்கள் முன்னாடி ஆடுறதுக்கே இந்த ஏற்பாடு. வயசான காலத்துல பேட்டியில அவரே சொன்னது இது.

அப்படி வந்து இறங்குற ஆளுதான் அந்த அணிக்கு நட்சத்திரம். ஜெயிக்க ஆரம்பிச்ச பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சுன்னும் அவரே சொல்லியிருக்காரு.

அரைடிக்கெட் எழுதியது:

சுருட்டுக் கடையில டிரெஸ் மாத்திட்டு வந்து சாம்பியன் ஆயிருக்காரு மனுஷன்... கப்பு குடுத்தாங்களா?

மைதானவாசி எழுதியது:

அது தனிக்கூத்து. 1920-ல் இறுதியாட்டம் என்று எதுவும் கிடையாது. யார் யாரோடு எத்தனை ஆட்டம் என்பதே அணிகள் தாங்களாக முடிவு செய்வது. டிசம்பர் 12-ம் தேதி சிகாகோ கப்ஸ் பார்க்கில் அக்ரானும் டெகேட்டர் ஸ்டேலிஸும் மோதின. ஸ்டேலிஸ்தான் பின்னாள் சிகாகோ பேர்ஸ். பயிற்சியாளர், ஆட்டக்காரர் இரண்டும் ஜார்ஜ் ஹாலஸ். சுமார் 12,000 பேர் கூடினார்கள். ஹாலஸ் அன்றைக்கு மட்டும் கார்டினல்ஸ் அணியின் பேடி ட்ரிஸ்கலைக் கடன் வாங்கி இறக்கினார். அப்படியும் 0-0.

நாங்கள்தான் சாம்பியன் என்று ஹாலஸும் பஃபலோக்காரர்களும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1921 ஏப்ரல் 30-ல் அக்ரானில் கூடிய லீக் கூட்டம் வாக்கெடுத்து அக்ரானுக்குக் கோப்பையைக் கொடுத்தது. அந்தக் கோப்பை பிறகு என்ன ஆனது என்று எவருக்கும் தெரியாது. ஆட்டக்காரர்களுக்குக் கடிகாரச் சங்கிலியில் மாட்டுகிற மாதிரி பந்து வடிவத் தங்கப் பதக்கம். இதைவிடக் கொடுமை, லீக் தன்னுடைய அந்தத் தீர்மானத்தைத் தானே மறந்துபோய், 1970கள் வரை 1920 சாம்பியன் ‘முடிவாகவில்லை’ என்று பதிவேட்டில் போட்டுக்கொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை சார், இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒருவர் ஆடிய காலத்துக்கு ஓட்டக் கணக்கு இல்லை, வாங்கிய பட்டத்துக்கு அரை நூற்றாண்டு பதிவு இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அணி பெரிய அணி என்பதில் தகராறு இல்லை. இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். 1921-ல் அக்ரானின் பயிற்சியாளர் என்று எல்கி டோபின் பெயரையும் போடுகிறார்கள். அப்படியிருக்க ‘என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்’ என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? இணைப் பயிற்சியாளர் என்றால் இணைதானே?

பழையபேப்பர் எழுதியது:

‘தலைமைப் பயிற்சியாளர்’ என்றதும் ஓரத்தில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கிற ஆளை நினைத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். அன்றைய விதிப்படி ஓரத்திலிருந்து யோசனை சொன்னால் அபராதம். மாற்று ஆளாக உள்ளே போகிறவர்கூட, போனபின் பந்து ஒரு முறை ஆடி முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. ஆகவே பயிற்சியாளர் வேலை என்பது வாரநாட்களில் ஆட்டமுறை சொல்லிக் கொடுப்பது, களத்தில் நின்று ஆணையிடுவது. களத்துக்குள் இருக்கிறவர்தான் அதைச் செய்ய முடியும்.

1919-ல் அக்ரானுக்கு வந்தபோது அவர்கள் ஆடிய வியூகம் பழசாக இருந்ததென்றும், பிரவுனில் கற்ற முறையைத் தான் சொல்லிக் கொடுத்ததாகவும், முணுமுணுத்தவர்களை நீட் அடக்கினார் என்றும் பொல்லார்ட் சொல்லியிருக்கிறார். இது அவர் வாக்குமூலம்தான், வைத்துக்கொள்வோம். ஆனால் 1921-ல் இணைப் பயிற்சியாளர் என்பதை லீக்கும் புகழ்மண்டபமும் ஏற்றுக்கொண்டுவிட்டன. பாதிப் பதவி என்றே எடுத்துக்கொண்டாலும், அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல் ரெய்டர்ஸில் வந்தது 1989-ல். நடுவில் 68 ஆண்டு.

டோபினைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 1920 பட்டம் வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்று ஏடுகளில் இருப்பது அவர் பெயர்தான்.

தேன்மொழி எழுதியது:

ஆட்டம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பால் ராப்சன் வழியாகத்தான் பொல்லார்ட் பெயர் எனக்குக் கிடைத்தது. இங்கே பலருக்கு ராப்சன் பாடகர், நடிகர், அரசியல் போராளி. அவர் ரட்கர்ஸ் கல்லூரியில் இரண்டு முறை அகில அமெரிக்க அணிக்குத் தேர்வான எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டே வார இறுதியில் ரயிலேறி ஆடப்போனார். 1921-ல் அவரை அக்ரானுக்கு அழைத்து வந்தவர் பொல்லார்ட். 1922-ல் இருவரும் மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணியில். அந்த நவம்பரில் ஜிம் தோர்ப்பின் ஊராங் இண்டியன்ஸ் அணியை மில்வாக்கி 13-0 என்று வென்றபோது இரண்டு டச்டவுனும் ராப்சன் போட்டவை. ஊராங் அணி முழுக்கப் பூர்வகுடி ஆட்டக்காரர்கள். ஒரு நாய்ப்பண்ணை முதலாளி தன் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரமாக நடத்திய அணி அது.

இன்னொருவர் ஜே மேயோ வில்லியம்ஸ். பிரவுனில் பொல்லார்டுக்குப் பின்னால் படித்தவர், ஹாமண்ட் ப்ரோஸ் அணியில் ஆடியவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பாராமவுண்ட் நிறுவனத்துக்கு ப்ளூஸ் இசைத்தட்டுகள் தயாரித்தார். மா ரெய்னியின் குரல் தட்டில் ஏறியதில் அவர் கை உண்டு. ப்ளூஸ் வரலாறு படிப்பவர்களுக்கு வில்லியம்ஸ் பெரிய பெயர், அவர் ஃபுட்பால் ஆடியது அடிக்குறிப்பு. இங்கே தலைகீழ்.

எனக்குப் பொல்லார்டிடம் பிடித்தது இதுதான். எந்த அணிக்குப் போனாலும் தன் பின்னால் இன்னும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஒஹாயோ ஓரத்தான் எழுதியது:

தேன்மொழி மேடம், அருமை. ஹாமண்ட் இண்டியானாவுல இருக்கு, ஆனா அந்த அணி பெரும்பாலும் வெளியூர்லதான் ஆடும். கறுப்பின ஆட்டக்காரங்களை அதிகம் எடுத்த அணி அதுதான். பொல்லார்ட் அங்க, தாக்குதலை நடத்துற குவார்ட்டர்பேக் இடத்துலயும் ஆடியிருக்காரு.

நடுவுல 1923, 24-ல பென்சில்வேனியா நிலக்கரி ஊரான கில்பர்ட்டன்லயும் போய் ஆடினாரு. சுரங்கத் தொழிலாளிங்க ஊர் ஊரா அணி வெச்சிருந்த லீக். அங்க கெடச்ச வசவும் கல்லடியும் அக்ரானைவிட மோசம்னு சொல்லுவாங்க.

சம்பளம் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன். ஒரு ஆட்டத்துக்கு 1,500 டாலர்னு பல எடத்துல போட்டிருக்கு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதில் நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. அன்றைக்குச் சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு ஆட்டத்துக்கு 75 முதல் 150 டாலர். நாலு, ஐயாயிரம் பேர் டிக்கெட் வாங்குகிற மைதானத்தில் ஒருவருக்கு மட்டும் 1,500 கொடுத்தால் முதலாளிக்கு மிச்சம் என்ன? அக்ரான் பட்டம் வென்ற ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொண்டது. ஏதோ ஒரு ஆட்டத்துக்கு யாரோ கொடுத்திருக்கலாம், வாடிக்கையாக இருந்திருக்காது. பொல்லார்ட் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்காகப் பேசுகிறவர்கள் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிவிடுவது அவருக்கே நல்லதில்லை.

மைதானவாசி எழுதியது:

இதில் நான் உங்கள் பக்கம். தோர்ப்போடு சேர்த்து அதிகம் வாங்கியவர்களில் ஒருவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அரைடிக்கெட் எழுதியது:

சரிண்ணே, இவ்வளவு பெரிய ஆளு ஏன் காணாமப் போனாரு? அடிபட்டுட்டாரா?

பழையபேப்பர் எழுதியது:

1926-ல் அக்ரான் அவரை விடுவித்தது. 32 வயது. அந்த வயதில் ஹாஃப்பேக் விலகுவது சாதாரணம்தான், அதை மட்டும் வைத்துச் சதி என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

1920-லிருந்து 1933 வரை லீக்கில் ஆடிய கறுப்பினத்தவர் மொத்தம் 13 பேர். முதல் ஆண்டு பொல்லார்டும் ராக் ஐலண்டின் பாபி மார்ஷலும். கடைசி ஆண்டு சிகாகோ கார்டினல்ஸின் ஜோ லில்லார்டும் பிட்ஸ்பர்க்கின் ரே கெம்ப்பும். 1934-லிருந்து 1945 வரை ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டு ஆண்டு! எழுத்தில் எந்த விதியும் கிடையாது. முதலாளிகள் கைகுலுக்கிக்கொண்டு செய்த ஏற்பாடு என்பதுதான் பொதுவான கருத்து. பொருளாதார வீழ்ச்சி, வெள்ளையருக்கே வேலை இல்லை என்ற சாக்கு, லில்லார்ட் சண்டைக்காரர் என்ற சாக்கு.

பொல்லார்ட் கடைசி வரை நேராகக் குற்றம் சாட்டியது ஹாலஸை. சிகாகோவில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஹாலஸ் மறுத்தார், அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது என்றார். பேர்ஸ் அணியில் கறுப்பின ஆட்டக்காரர் வந்தது 1950களில்தான்.

1932-ல் பாஸ்டன் அணியோடு லீக்குக்குள் வந்த ஜார்ஜ் ப்ரெஸ்டன் மார்ஷல் இன்னும் வெளிப்படை. வாஷிங்டனுக்கு மாற்றிய அந்த அணியில் 1962 வரை ஒரு கறுப்பினத்தவரைக்கூட எடுக்கவில்லை. புது மைதானம் அரசு நிலத்தில் இருந்ததால், கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால் கழுத்தைப் பிடித்த பிறகே பாபி மிட்செல் வந்தார்.

1946-ல் தடை உடைந்ததும் யாருடைய பெருந்தன்மையாலும் இல்லை. க்ளீவ்லண்ட் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் நிறம் பார்க்கிற அணியா என்று அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மைதானக் குழுவுக்கு முன்னால் போய் நின்றார்கள். கென்னி வாஷிங்டன் ஒப்பந்தமானார், பின்னாலேயே வுடி ஸ்ட்ரோட்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஹாலஸ் விஷயத்தில் எழுத்துச் சான்று கிடையாது என்பதை இழையில் பதிவு செய்து வைக்கிறேன். 12 ஆண்டு பூஜ்யம் என்பது தற்செயலாக வர முடியாது, அதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். எண் என்றால் இதுவும் எண்தான்.

மட்டுறுத்துனர்:

ஹாலஸ் நல்லவரா கெட்டவரா என்று தனிமடலில் சண்டை போட்டு எனக்குப் புகார் அனுப்பியவர்கள், தனி இழை தொடங்குங்கள். இங்கே பொல்லார்ட்.

தேன்மொழி எழுதியது:

லீக்கை விட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்கமாட்டார் போல.

1928-ல் சிகாகோவில் பிளாக் ஹாக்ஸ் என்று கறுப்பின ஆட்டக்காரர்களை வைத்து ஓர் அணி. வெள்ளையர் அணிகளோடு மோதி, ஒரே களத்தில் ஆடினால் ஒன்றும் குடிமுழுகாது என்று காட்டுவதுதான் நோக்கம். குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப்போய் ஆடினார்கள். பொருளாதார வீழ்ச்சி அந்த அணியை 1932-ல் விழுங்கியது. 1935-ல் நியூயார்க்கில் பிரவுன் பாம்பர்ஸ். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயர் அது. லீக் துரத்திய ஜோ லில்லார்ட் இந்த அணியில் ஆடினார்.

இன்னொரு பக்கம் வியாபாரம். 1922-லேயே சிகாகோவில் சொந்தப் பெயரில் முதலீட்டு நிறுவனம், 1931-ல் திவால். 1935-லிருந்து 1942 வரை நியூயார்க்கில் ‘இண்டிபெண்டன்ட் நியூஸ்’ என்ற வாரப் பத்திரிகை. ஹார்லெமில் இசைக்கூடம். 1956-ல் ஓர் இசைப் படம் தயாரித்தார். கடைசியில் வரி ஆலோசகர். ஒன்று கவிழ்ந்தால் அடுத்ததற்குத் தாவி ஏறுகிற ஆள்.

மகன் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் ஜூனியர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம். ஜெஸ்ஸி ஓவன்ஸ் நாலு தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக்.

ஒஹாயோ ஓரத்தான் எழுதியது:

புகழ்மண்டபத்துல வெண்கலத் தலைச்சிலைங்களை வருஷ வரிசையில அடுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள போனதும் 1963 வரிசை. தோர்ப், கிரேஞ்ச், ஹாலஸ் எல்லாம் அங்க. பக்கத்துலேயே ஜார்ஜ் ப்ரெஸ்டன் மார்ஷல்! பொல்லார்டைத் தேடிக்கிட்டு நடந்தா நடந்துகிட்டே இருக்கணும். 2005-ல, டான் மரீனோ, ஸ்டீவ் யங்கோட சேர்த்து வெச்சிருக்காங்க. கறுப்பினத்தவரே வேண்டாம்னவருக்கு முதல் வரிசை, முதல் சாம்பியன் அணியோட ஹாஃப்பேக்குக்கு 42 வருஷம் கழிச்சு இடம்.

அவர் காலமானது 1986 மே 11. 92 வயசு. உயிரோட இருக்கும்போது கல்லூரி ஃபுட்பால் மண்டபம் 1954-லயே சேர்த்துடுச்சு. பிரவுன் பல்கலைக்கழகம் 1981-ல கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. என்.எஃப்.எல். மட்டும்தான் லேட்டு.

மைதானவாசி எழுதியது:

என் வருத்தம் 2005-ஓடு தீரவில்லை. 2003-ல் அவர் பெயரில் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் அலையன்ஸ் அமைந்தது. பயிற்சியாளர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது சிறுபான்மையினரையும் நேர்காணல் செய்யவேண்டும் என்ற ரூனி விதி வந்த அதே சமயம். இன்றைக்குச் செய்தியில் அவர் பெயர் வருவது பெரும்பாலும் அந்த அமைப்பின் அறிக்கையை ஒட்டித்தான். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அவர் ஓர் அமைப்பின் பெயர்ப்பலகை. நியூ ஹேவனில் யேல் ரசிகர்கள் வசைபாட வசைபாடப் பந்தை வாங்கிக்கொண்டு அவர்கள் தடுப்பைக் கிழித்துப் போன அந்த 22 வயதுப் பையனைப் பற்றி ஒரு வரியும் வராது. அவருக்கு நடந்த அநீதியைப் பேசுகிற அளவுக்கு அவர் ஆட்டத்தையும் பேசுங்கள் என்பதற்காகத்தான் இழையையே மல்லாக்கப் புரண்டு காலைத் தூக்குகிற அந்த வித்தையிலிருந்து தொடங்கினேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

என் நிலைப்பாடு: 1916 பருவம், 1920 பட்டம், எதிரணி எடுத்த 7 புள்ளி. இந்த மூன்றுக்காக ஆட்டக்காரராகவே என் ஓட்டு உண்டு. ‘முதல் பயிற்சியாளர்’ என்பதற்கு மட்டும் டோபின் பெயரைப் பக்கத்தில் எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

அடுத்ததாக டியூக் ஸ்லேட்டர். 1922-ல் மில்வாக்கியில் பொல்லார்ட், ராப்சனோடு சேர்ந்து ஆடிய டேக்கிள். அயோவா கல்லூரியில் தலைக்குத் தொப்பியே போடாமல் ஆடியவர். லீக்கில் பத்து ஆண்டு தாக்குப்பிடித்தார், நடுவில் சட்டம் படித்து, பிற்பாடு சிகாகோவில் நீதிபதி ஆனார். மண்டபம் அவரைச் சேர்த்தது 2020-ல். பொல்லார்டுக்கே 42 ஆண்டு என்று ஆதங்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். முன்வரிசையில் நின்று மோதுகிற லைன்மேனுக்கு எந்தக் காலத்திலும் புள்ளிவிவரம் கிடையாது என்பதால் இந்த முறை நானே இழை திறக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

அரைடிக்கெட் எழுதியது:

நான் வர்றேன். டேக்கிள்னா என்னன்னு மட்டும் முதல் பதிவுலயே சொல்லிடுங்க சார்.